நாலு கோட்டில் ஒரு கோடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு இன்டர்நெட் கொம்பனிக்கு நான் எடுத்த தொலைபேசி அழைப்பில்தான் இந்தக் கதை பிறந்தது. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது" என்று ஒரு பதிவுக் குரல் முப்பத்தொரு நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. என் கலியாண நாளில்கூட என்னை யாரும் இவ்வளவு முக்கியமாக நடத்தவில்லை. அந்தப் பூரிப்பில் பேனையை எடுத்துவிட்டேன்.

கல்முனைக்குடியிலிருந்து எழுதுகிறேன்; பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் கணவர் அபுல் ஹஸன், நீளமான வயரில் தொங்கும் ரவுட்டரோடு, இப்போது மொட்டை மாடியில் நிற்கிறார்.

"இப்ப சிக்னல் வருதா?"

"இல்ல. கொஞ்சம் கடல் பக்கம் திரும்புங்க."

அவர் திரும்பி முடிப்பதற்குள் கதையைத் தொடங்கிவிட வேண்டும்.

2

தொடக்கம் ஒன்று: கல்முனைக் கடல் அன்று கொந்தளித்துக்—

வேண்டாம். கடலுக்கு இங்கே என்ன வேலை?

தொடக்கம் இரண்டு: நவீன மனிதனின் தனிமை என்பது சமிக்ஞையற்ற ஒரு—

இதை எழுதியது நானா? தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

தொடக்கம் மூன்று: சுஹறா ரவுட்டரைச் சந்தைக் கூடைக்குள் வைத்து முருங்கை மரத்தில் கட்டினாள்.

ஆ! இவளைப் பிடித்துக்கொள்வோம்.

3

சுஹறாவுக்கு நாற்பத்தாறு வயது. கணவன் முபாறக் கட்டாரில் லொறி ஓட்டுகிறான்; ஊருக்கு வந்து நாலு வருடமாகிறது. ஒரே மகள் அம்ஹா. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு ஒரு வீடு வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் பழைய வீட்டின் முன்வளவில் முபாறக் அம்ஹாவுக்குப் புது வீடு கட்டுகிறான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் வீடியோ கோலில் வந்து சுவர் பார்ப்பான்.

சுவர் இடுப்பளவு இருந்தபோது அவனுடைய முகம் தெளிவாகத் தெரிந்தது. ஜன்னல் உயரம் வந்தபோது முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. கூரை மட்டம் வந்தபோது, வாயைத் திறந்தால் திறந்தபடி நின்றான். சுஹறா ரவுட்டரை பிரிட்ஜுக்கு மேல் வைத்தாள், அலுமாரிக்கு மேல் வைத்தாள், பிஸ்மி சொல்லி ஜன்னலில் வைத்தாள். பிறகுதான் முருங்கை.

(இங்கே கொம்பனிக்காரி உண்மையாகவே எடுத்துவிட்டாள். "ஓஃப் பண்ணி ஓன் பண்ணினீங்களா மேடம்?" "ஓம், பத்துத் தரம்." "பதினோராவது தரம் பண்ணிப் பாருங்க." வைத்துவிட்டாள்.)

4

சாஜித் என்றொரு ரவுட்டர் திருத்துகிறவனை அனுப்பினேன். இவன் தேவையா என்று எனக்கே சந்தேகம். ஆனால் யாராவது வந்து இதைச் சொல்லத்தான் வேண்டும்:

"ராத்தா, டவர் சந்தைப் பக்கம் இரிக்கி. நடுவுல ஒங்கட புது ஊடு நிக்கி. அதுதான் மறைக்கு."

"அப்ப ஊட்ட ஒடைக்கவா சொல்றீங்க?"

"இல்லகா. ஆனா மேல்மாடியும் கட்டினா இந்த ஒரு கோடு சிக்னலும் வராது."

எழுதும்போது நான் வாய்விட்டுச் சிரித்தேன். மனுசன் நாலு வருடம் உழைத்து, தனக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் தானே கல் அடுக்கியிருக்கிறான்! பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அம்ஹாவுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் மேல்மாடி கேட்கவே இல்லை. அது முபாறக்கின் ஆசை. அதற்காக இன்னும் இரண்டு வருடம் கட்டாரில் நிற்கப்போகிறான். நாளை சனிக்கிழமை அதற்கான வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து.

5

இன்று வெள்ளி. மகளும் வீடு கட்டும் மேசனும் முன்பக்கம் நிற்க, சுஹறா போனோடு முருங்கையடிக்குப் போனாள்.

"சுஹறா, நாளைக்குக் கையெழுத்து வெக்கிறன். மறுகா மேல்மாடிய—"

நின்றுவிட்டான். ஒரு கண் மூடி, வாய் திறந்து, தும்மப் போகிறவன் மாதிரி. இருபத்துநாலு வருடத்தில் அவன் முகத்தைப் பார்த்து அவள் ஒன்றையும் மறுத்ததில்லை. அசையாத முகத்துக்கு என்ன பயம்?

"இஞ்சாருங்க. மேல்மாடி வேணாம். புள்ளட கலியாணத்துக்கு நீங்க வந்தாக் காணும், அது போதும். எனக்கும்... எனக்கும் அது காணும்."

லைன் அறுந்தது.*

* படம் நின்றாலும் சத்தம் போவதுண்டு, போகாமலும் விடும். திரும்ப எடுத்துச் சொல்லலாமே என்கிறீர்கள். நானும் சுஹறாவிடம் கேட்டேன். "போங்க டீச்சர், வெக்கமா இரிக்கி" என்று முக்காட்டை இழுத்துக்கொண்டாள். அவளை உண்டாக்கியவள் நான். என் பேச்சையே கேட்கவில்லை.

6

முடிவு அ: முபாறக் கையெழுத்து வைக்கவில்லை. கயிறு சுற்றிய பெரிய பெட்டியோடு வாசலில் வந்து இறங்குகிறான். (வாசித்துக் காட்டினேன்; அபுல் ஹஸனுக்கு இது பிடித்திருக்கிறது. மேலிருந்தே சத்தம் போட்டார்.)

முடிவு ஆ: கையெழுத்து வைத்துவிட்டான். மேல்மாடி எழும்புகிறது. ரவுட்டரை அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள். நாலு கோடும் வருகிறது! முபாறக் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறான், தாடியில் நரைத்த முடியைக்கூட எண்ணலாம். கட்டாரில் இருக்கிறான்.

இதை எழுதிவிட்டு எனக்கே பொறுக்கவில்லை.

முடிவு இ: சுஹறா திரும்பவும்—

7

இல்லை. நான் முடிக்கப் போவதில்லை. கதையைப் பத்திரிகைக்கு அனுப்பும் பொத்தானை அமத்திவிட்டேன். வட்டம் சுற்றுகிறது.

"போயிட்டா?" மேலிருந்து அபுல் ஹஸன்.

"தொண்ணூத்தேழு. அசையாம நில்லுங்க!"

"கை உளையுது புள்ள!"

நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், என்னுடையது போய்ச் சேர்ந்துவிட்டது. சுஹறாவுடையது சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. வாசிக்கிறவர்களில் கட்டார் பக்கம் யாராவது இருப்பீர்கள். கல்முனைக்குடி முபாறக், லொறி ஓட்டுகிறவர் என்று விசாரித்தால் காட்டுவார்கள். கையெழுத்துக்கு முதல் அவரைப் பிடித்து, "நீங்க வந்தாக் காணுமாம்" என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.