இடந்தான் இருக்கே

மாமா என் கையிலிருந்த மௌஸைப் பிடுங்கி, எழுத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினார். திரையில் அக்காவின் பெயர் பட்டினி கிடந்ததுபோல் ஒடுங்கியது.

"நசுக்காதீங்க மாமா! காலெல்லாம் குச்சியாகுது பாருங்க."

"எழுத்துக்கு ஏதும்மா காலு? கொஞ்சம் ஒதுங்கி நின்னா என் பேரும் உக்காரும்ல?"

பெயர்ப்பலகை வடிவமைப்பது என் தொழில். மௌஸைப் பிடிக்கக் கை இருந்தால் போதும் என்பது அக்கா புருஷனின் கட்சி.

அக்கா திறக்கப்போகும் தையல் கடை, மருந்துக்கடைக்கும் மாடிப்படிக்கும் நடுவே இடுக்கில் இருந்தது. பலகைக்கு உயரம் உண்டு, அகலம் இல்லை. அதனால்தான் இந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தேன். பிறவியிலேயே ஒல்லி, ஆனால் நோஞ்சான் இல்லை. ஒவ்வொரு கோட்டின் அடியிலும் செங்கல் வைத்ததுபோல் தடித்த பாதம். நெரிசல் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமலே விழாமல் நிற்கிற ஆளைப் போன்றது. சுவரொட்டி, செய்தித் தலைப்பு, சரக்குப் பெட்டி என்று இடம் சிறுத்து, குரல் பெருக்க வேண்டிய இடத்துக்கெல்லாம் இதைத்தான் கூப்பிடுவார்கள். இதையும் பிடித்து நசுக்கினால் நிமிர்ந்த கோடு மெலிந்து, பாதம் மட்டும் வீங்கிக் கிடக்கும். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அக்கா இத்தனை வருடம் அடுத்தவர் பலகைகளுக்குக் கீழே உட்கார்ந்து தைத்தவள். தன் பெயர் எதிரிலுள்ள பேருந்து நிறுத்தத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. "இந்த எழுத்துல எதுவும் அடங்கும்க்கா" என்று மாமா காதுபட நான்தான் பீற்றிக்கொண்டேன். தவளை தன் வாயால் கெடும். அன்றிலிருந்து வரி வரியாக வந்து சேர்ந்தது: உரிமையாளர் என்று மாமா பெயர், அவர் அப்பாவின் ஆசி, இரண்டு ஃபோன் நம்பர்.

"ஊசியில நூலாவது கோத்திருக்கீங்களா மாமா, உரிமையாளர்னு போட?"

"வீட்டுக்காரன் பேரில்லாம மாட்டுனா நாலு பேர் என்ன நெனப்பாங்க? இடந்தான் இருக்கே!"

அக்கா இருவரையும் பார்த்தாள். "அவர் சொல்றபடியே காகிதத்துல அடிச்சுக் குடுடி. பாத்துட்டுப் பேசலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அதை மூடிய கடை ஷட்டரில் ஒட்டினோம். காற்றில் படபடத்த கீழ் ஓரத்தை மாமா பிடித்துக்கொண்டார். அக்கா சாலையைக் கடந்து, பேருந்து நிறுத்தத்தில் நின்று, நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"தெரியுதா?" மாமா கத்தினார்.

"தெரியுதுங்க!"

"என்ன தெரியுது?"

"வேலி போட்ட மாதிரி தெரியுது!"

நிறுத்தத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

அக்கா திரும்பி வந்தாள். தையல் பையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்து, தன் பெயர் முடிந்து மாமாவின் பெயர் தொடங்கும் இடைவெளியில் வைத்தாள்.

"நல்லா இழுத்துப் பிடிங்க. கோணலாப் போயிடும்."

வீட்டில் அக்கா துணி வெட்டும்போதெல்லாம் பிடித்துப் பழகிய கைகள். யோசிக்காமலே காகிதத்தை விறைப்பாக இழுத்துக்கொடுத்தன. அப்புறம்தான் மாமா குனிந்து கத்தரிக்கோல் இருக்கும் இடத்தைப் பார்த்தார்.

அது வாயைத் திறந்தபடி இருந்தது. மாமாவும்.