குளியலறைக் குலவை

லெபனானில் ஒரு பெண் தன் வீட்டில் "வேலை விஷயமா சைப்ரஸ் போயிட்டு வர்றேன்" என்று சொன்னால் பக்கத்து வீட்டுப் பூனைகூட நம்பாது. வேறு வேறு மதத்துக்காரர்கள் கட்டிக்கொள்ள அங்கே சட்டம் இல்லை. விமானத்தில் பெல்ட்டைப் போட்டுக் கழற்றுவதற்குள் சைப்ரஸில் நான் இருக்கிற லார்னகா வந்துவிடும். இங்கே நகரசபையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கே போய்ப் பதிந்துகொள்வார்கள். அதனால் சைப்ரஸ் என்றாலே கல்யாணம்தான். இது தெரிந்தும் ஹனாதி தன் வீட்டில் பல் டாக்டர்கள் மாநாடு என்று சொல்லிவிட்டு வந்து என் வாசலில் நின்றாள். பெட்டியைத் திறந்தால் மேலாகவே மணப்பெண் போடுகிற வெள்ளைச் செருப்பு.

"மாநாட்டுக்கு வெள்ளைச் செருப்பா? உங்க வீட்டுல யாருக்கும் கண்ணு தெரியாதா?" என்றேன்.

"அதை வெச்சதே எங்கம்மாதான் அத்தை. நான் பெட்டியில போட்டது கறுப்பு."

என் பெயர் வதாத். போர் நடந்தபோது பெய்ரூட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவள், இங்கேயே தங்கிவிட்டேன். ஐந்து அறை விடுதி, பின்னால் ஒரு முற்றம், ஒரு எலுமிச்சை மரம். ஓடி வருகிற பிள்ளைகளுக்குச் சாட்சிக் கையெழுத்து, சாப்பாடு, பூ எல்லாம் நான்தான். காலையில் கட்டுவார்கள், மதியம் சாப்பிடுவார்கள், மாலை விமானத்தில் போய்விடுவார்கள். முற்றமெல்லாம் அரிசி கிடக்கும். கூட்டுவதற்கு மாப்பிள்ளையா வருவான்?

ஹனாதி மலைநாட்டுப் பெண், துரூஸ் மதம். மாப்பிள்ளை வாஹே, பெய்ரூட்டில் பிறந்து வளர்ந்த ஆர்மீனியக் கிறிஸ்தவன், சாது. துரூஸ்காரர்கள் வெளியே பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். மீறிப் போன பெண்ணின் பேச்சையே அவள் ஊரில் எடுக்க மாட்டார்கள். அவள் அண்ணன் கைஸ் போன வாரமே அவள் எண்ணைத் தன் போனில் தடுத்துவைத்துவிட்டான். அப்பா எதுவும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

வாஹேயின் பக்கத்திலிருந்து வந்த ஒரே ஆள் பார்செக். செருப்புக்கடைக்காரர், தொப்பையும் மூச்சிரைப்பும். ஆர்மீனியக் கல்யாணத்தில் மணமக்கள் தலைக்கு மேலே சிலுவை பிடித்து நிற்க ஒரு பெரிய மனிதர் வேண்டும். அந்த வேலைக்கு வந்திருந்தார். சிலுவையை ஒரு காலுறைக்குள் சுருட்டி எடுத்து வந்திருந்தார்.

"காலுறையிலயா அண்ணே?"

"புதுசும்மா, கடை சரக்கு. உள்ள அட்டைகூட எடுக்கல," என்றார்.

மறுநாள் நகரசபையில் வேலை சட்டென்று முடிந்தது. எழுத்தர் கிரேக்கத்தில் கடகடவென்று வாசித்தார், நாங்கள் தலையாட்டினோம். உண்மையான கல்யாணம் என் முற்றத்தில்தான். அவன் பக்கத்துக்குச் சிலுவை, வாசலில் நல்ல சகுனத்துக்கு உடைக்கத் தட்டு. அவள் பக்கத்துக்கு நிலைப்படி மேலே புளித்த மாவு உருண்டை ஒட்டுவது. மாவு ஒட்டினால் குடும்பம் ஒட்டும். போன மாதம்தான் அந்த நிலைக்கு வண்ணம் அடித்தேன், வயிறு எரிந்தது, வாயை மூடிக்கொண்டேன். தட்டில் மட்டும் விளிம்பு உடைந்ததாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

ஹனாதிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

"தட்டு, மாவு, எது இல்லாட்டியும் போகட்டும் அத்தை. எங்கம்மா குலவை மட்டும் வேணும்."

எங்கள் ஊர்களில் பெண்ணின் அம்மா 'ஆவீஹா' என்று எடுத்து நாலு வரி பாடுவாள். பெண்ணின் பேரும் பிள்ளையின் பேரும் அதில் வரும். முடிவில் நாக்கைச் சுழற்றிக் குலவை போடுவாள், கேட்டவர்கள் பதில் குலவை போடுவார்கள். அம்மா பேர் சொல்லிப் போட்டுவிட்டால் பெண்ணைக் கொடுத்தாச்சு. போடவில்லையென்றால் அவள் ஓடிப்போனவள், அவ்வளவுதான். எத்தனை நாட்டு முத்திரை குத்தினாலும் அது மாறாது.

"நான் போடறேன்டி. என் தொண்டைக்குத் துறைமுகத்துல நிக்கிற கப்பலே திரும்பிப் பாக்கும்."

"நீங்க போட்டா நீங்க குடுத்த மாதிரி ஆயிடும். என்னைக் குடுக்க வேண்டியது அவங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன்ல போடறேன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க."

எலுமிச்சை மரத்தடியில் இருவரையும் நெற்றியோடு நெற்றி முட்ட நிற்க வைத்தோம். பார்செக் சிலுவையை உயர்த்திப் பிடித்தார். அவள் அம்மாவின் குரல் முடிகிறவரை கையை இறக்கப்போவதில்லை என்றார். நான் போனை உயர்த்திப் பிடித்தேன்.

எடுத்தாள் அம்மா. முதலில் தண்ணீர் கொட்டுகிற சத்தம்தான் கேட்டது.

"அம்மா, எங்க இருக்கீங்க?"

"குளியலறையில. உங்கப்பா தோட்டத்துல இருக்கார். பக்கத்து வீட்டுல துணி காயப்போடறாங்க. குழாயத் திறந்துவிட்டிருக்கேன், யாருக்கும் கேக்காது. சீக்கிரம், சீக்கிரம்."

பிறகு ஒரு முனகல். பாட்டா, இருமலா என்று தெரியவில்லை. மகள் பேர் வந்த மாதிரி இருந்தது, மாப்பிள்ளை பேர் வரவே இல்லை. கடைசியில் குலவை என்று ஒன்று வந்தது. குக்கரை இறக்கி வைத்த பிறகு வருகிற விசில்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும். ஹனாதியின் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா கைஸ் அம்மா! குலவைய யாராவது ஒளிச்சுவெச்சுப் போடுவாங்களா? பொண்ணைக் குடுக்கறியா, இல்ல திருட்டுச் சாமானைக் கைமாத்தறியா? முதல்ல அந்தக் குழாய நிறுத்து!"

குழாய் நின்றது. அடுத்த நொடி போனும் நின்றுவிட்டது.

"கெடுத்துட்டீங்களே!" என்று கத்தினாள் ஹனாதி. "அந்த அரைக் குலவையாவது எனக்கு மிச்சம் இருந்துச்சு. உங்களை யார் பேசச் சொன்னது?"

நாக்கு என்னுடையது, வாழ்க்கை அவளுடையது. வாஹே அவள் கையைப் பிடித்து, "போதும் ஹனாதி, எனக்கு அதுவே போதும்," என்றான்.

"எனக்குப் போதாது!"

"யம்மா, எனக்கும் கை போதாது," என்றார் பார்செக். சிலுவை ஆடியது. "இறக்கவா?"

"இறக்காதீங்க!" என்றோம் நாங்கள் மூவரும். அவர் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார். நான் போய் அவருக்கு முட்டுக் கொடுத்து நின்றேன். ஹனாதி திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தாள், எடுக்கவில்லை.

அப்புறம் போன் தானாக அடித்தது. இந்த முறை முகம் தெரிந்தது. வெள்ளை முக்காடு, பின்னால் தண்ணீர்த் தொட்டிகள், அதற்கும் பின்னால் மலைச்சரிவு முழுக்க வீடுகள். மொட்டை மாடிக்கு ஏறியிருந்தாள்.

"அங்க வாய்க்காரி ஒருத்தி இருந்தாளே, இருக்காளா?"

"இருக்கேன்," என்றேன்.

"நல்லாக் கேட்டுக்கோ."

போனை எங்கேயோ சாய்த்து வைத்தாள். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.

"ஆவீஹா, மலை மேல வளர்ந்த பொண்ணு என் ஹனாதி!
ஆவீஹா, கடல் தாண்டி நிக்கிறா கைபிடிக்க!
ஆவீஹா, வாஹேன்னு ஒரு பிள்ளை என் வாசல் மாப்பிள்ளை!
ஆவீஹா, குடுத்தேன் நான், குடுத்தேன், ஊரே கேட்டுக்கோ!"

பிறகு குலவை. அப்பா! அது பள்ளத்தாக்கில் இறங்கி எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது போனிலேயே கேட்டது. நான் தொண்டை கிழியப் பதில் போட்டேன். பார்செக் சிலுவையை இறக்கிவிட்டு, ஆர்மீனிய மொழியில் என்னவோ கத்திக்கொண்டு தட்டைப் போட்டு உடைத்தார். வாஹே அழுதான். ஹனாதி போனை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அந்தப் பக்கம், மலையில், ஒரு வீட்டிலிருந்தும் பதில் வரவில்லை. கைஸ் அம்மா தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கேயோ ஒரு ஜன்னலைச் சாத்தினார்கள். பிறகு படியில் கனமான காலடிச் சத்தம்.

"உங்கப்பா வர்றார்," என்றாள். அத்தோடு தொடர்பு போய்விட்டது.

நான் சமைத்த ஆட்டுக்கறிச் சோற்றை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஹனாதி தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அடித்திருப்பாரோ, வீட்டை விட்டுத் துரத்தியிருப்பாரோ என்று அவள் கேட்டபோதெல்லாம் நான் தைரியம் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் கிலிதான். உசுப்பிவிட்டது நானாயிற்றே.

விமான நிலையத்துக்கு டாக்சி வந்து நின்ற பிறகுதான் அம்மா கூப்பிட்டாள். ஹனாதி போனை எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"அம்மா! அப்பா என்ன சொன்னார்?"

"திட்டக்கூட இல்ல. 'குலவை போட்டுட்டே, இனி ஆள் வருவாங்க, காபி வை'ன்னார்."

ஹனாதி என்னைப் பார்த்தாள். எங்கள் பக்கம் கல்யாண வீட்டிலும் காபி, சாவு வீட்டிலும் காபி. சாவு வீட்டுக் காபியில் சர்க்கரை இருக்காது.

"எப்படி வெச்சீங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"எனக்கும் தெரியலடி. அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டு, 'சக்கரை போடவா, வேண்டாமா'ன்னு கேட்டேன். பதிலே இல்ல. அப்புறம் எழுந்து வந்து, டப்பாவைத் திறந்து, அவரே அள்ளி அள்ளிப் போட்டார்."

ஹனாதி வாயைப் பொத்திக்கொண்டாள். வாஹேதான் கேட்டான்: "யார் வந்தாங்க அத்தை?"

"யாரும் வரல தம்பி. நல்ல சட்டை போட்டுக்கிட்டு, வாசக்கதவை அகலமாத் திறந்துவெச்சு, கூடத்துல கப்பெல்லாம் அடுக்கிவெச்சுட்டு உக்காந்திருக்கார். காபி ஆறிப்போச்சு. இன்னும் எழுந்திருக்கல." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "போனை வெக்கறேன். வெளிய சுத்தி, வாசல் வழியா உள்ள போய் அவருக்கு எதிர்ல உக்கார்றேன். ஒரு ஆளாவது வந்த மாதிரி இருக்கட்டும்."