சர்க்கரை உள்ளவர்களும் அருந்தலாம்

தன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று யாரோ எப்போதோ சொல்லித் தொலைத்ததால், காபிக்கடைக்காரர் அந்தப் பலகையைத் தானே எழுதி வாசலில் மாட்டினார்: 'நாட்டுச் சர்க்கரைக் காபி. சர்க்கரை உள்ளவர்களும் அருந்தலாம்.' நோய்க்கும் இனிப்புக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் மொழியில் இப்படி எழுத அசட்டுத் துணிச்சல் வேண்டும். அது அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

வெள்ளைச் சர்க்கரை விஷம், பழுப்பு என்றால் மருந்து என்பது அவர் கட்சி. இஞ்சித் தேநீரில் போட்டார், எலுமிச்சைச் சாற்றில் கரைத்தார், ரொட்டியின் மேல் தூவிச் சுட்டார். முதல் வாடிக்கையாளர் அக்காவின் கணவர். எதிர்க்கடைத் தையல்காரர், பத்து வருஷமாகச் சர்க்கரை நோயாளி. தையல் மெஷினை மிதிக்கிற காலை நிறுத்தாமலே ஒரு நாளைக்கு நாலு டம்ளர் காபி இறக்குவார்.

அந்த வலது கால் இப்போது முழங்காலுக்குக் கீழே இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்த கடைக்காரர், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மின்விசிறி, ஜன்னல், பக்கத்துக் கட்டில்காரரின் ஆரஞ்சுப் பழம் எல்லாவற்றையும் பார்த்தார். பத்து நாளாக ஒரே கேள்வியோடு அலைகிறார். டாக்டர், "பல காரணம் இருக்குங்க" என்று நழுவினார். அக்காவோ, "இப்ப எதுக்குடா அந்தப் பேச்சு? சாப்டியா?" என்றாள். அந்த 'சாப்டியா'வுக்குப் பதில் நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அக்கா மருந்து வாங்கப் போனாள்.

"மாமா…"

"என்ன, காபி கொண்டாந்திருக்கியா?"

"ஐயோ, இல்ல மாமா."

"பொழச்சேன்." தையல்காரர் சிரிக்கப் பார்த்தார்; வலி பாதியிலேயே வாயை மூடியது.

"கேலி வேணாம் மாமா. என் காபியாலதான் கால் போச்சா? நேரா சொல்லுங்க, தாங்கிக்குவேன்." சொல்லி முடிப்பதற்குள் மூக்கு ஒழுகிவிட்டது. தாங்குகிற லட்சணம் அது.

தையல்காரர் அவரை நேராகப் பார்த்தார்.

"ஆமாடா. பாதி உன்னாலதான். மீதி என்னால. நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான்னு எனக்கு மொத நாளே தெரியும். உங்கக்கா தடுக்கும்போதெல்லாம், 'உன் தம்பியே ஒண்ணும் பண்ணாதுங்கறான்'னு சொல்வேன். வேற யார் சொல்லியிருந்தாலும் அவ விட்டிருக்க மாட்டா. நீ சொன்னதாலதான் விட்டா."