நான்காம் வீட்டின் பட்டினி

திரையில் நான்காம் வீடு வந்ததும் தசமம் நிமிர்ந்து உட்கார்ந்தான். அது அவனுடைய வீடு.

புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணுக்காகக்கூட மல்லுக்கு நிற்பான் என்பதால் அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர்தான் தசமம். வீடு வீடாகக் கேட்டு வாங்கும் விவரங்களை வைத்து, யாருக்குச் சாப்பாடு போதவில்லை என்று கணக்கிட அரசு ஊழியர்களுக்குப் பயிற்சி நடந்தது. கைபழகுவதற்காக அவரவர் வீட்டில் ஒரு வாரம் சாப்பிட்டதை எழுதித் தரச் சொல்லியிருந்தார் பயிற்சியாளர் அம்மா. பெயர் வேண்டாம், எண் போதும்.

மூன்று மாதப் பயிற்சிக்கு இன்று கடைசி நாள். நாளை முதல் பக்கத்து நாற்காலிக்காரி, ஊரின் மறுகோடியில் இருக்கும் தானியக் கிடங்கின் ஆய்வாளர், தன் வேலைக்குத் திரும்பிவிடுவாள். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று போன வாரம் ஒருவழியாகக் கேட்டுவிட்டான். "யோசிச்சுச் சொல்றேன்" என்றவள் இன்னும் யோசித்துக்கொண்டேதான் இருந்தாள்.

"நாலாம் வீட்டுல ஒரே ஆள்" என்றார் பயிற்சியாளர். "தேவையில பாதிதான் உள்ள போகுது. இது பட்டினி."

"அடப்பாவமே! யாருப்பா அது, வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா?" என்றது பின்வரிசை.

"பதினோராம் வீடு. இங்கயும் ஒரே ஆள்தான். ஆனா ஒன்றரை ஆள் சாப்பாடு."

"அந்த வயித்தைக் கொஞ்சம் காட்டுங்க மேடம், கும்பிட்டுக்கறோம்!"

அறையே சிரித்தது. ஆய்வாளரின் காது மடல்கள் சிவந்தன. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மூடி நசுங்கிய அவளுடைய அடுக்கு டப்பாவின் இரண்டாம் தட்டு தினமும் மதியம் இவன் பக்கம் வந்துவிடும். அவள் சமைத்ததையெல்லாம் எழுதியிருக்கிறாள். இவன் தன் வீட்டில் பொங்கியதை மட்டும் எழுதியிருக்கிறான்.

அவளை வைத்து எல்லாரும் சிரிப்பதா? எழுந்துவிட்டான்.

"நாலாம் வீடு நான்தான் மேடம். தப்பு என்னோடது. மதியச் சாப்பாட்டை எழுதல. அது... வெளியிலேருந்து வருது."

"கடையிலேருந்தா?"

"கடை இல்ல."

எல்லாத் தலைகளும் மேஜையிலிருந்த டப்பாவின் பக்கம் திரும்பின. பிறகு விசில் பறந்தது.

பயிற்சியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அதுக்கும் கட்டம் இருக்கு. விலைக்கு வாங்கினதா, கூலியா வந்ததா, சும்மா கொடுத்ததா? ஒண்ணைப் போடுங்க."

"என்னன்னுங்க போடறது?" என்று அவளிடம் கிசுகிசுத்தான்.

"எதுவும் போட வேணாம்" என்றாள் அவள், நிமிராமலே. அவனுக்கு முகம் செத்துவிட்டது.

அவள் எழுந்தாள். "மேடம், குடும்பம்னா யாருன்னு முதல் நாள் சொன்னீங்களே?"

"ஒரே வீட்டுல இருந்து, ஒரே அடுப்புல சமைச்சதைச் சாப்பிடறவங்க."

"அடுப்பு ஒண்ணாயிடுச்சு மேடம். வீடுதான் பாக்கி, அதையும் பார்த்துக்கலாம். இப்பவே ரெண்டையும் சேர்த்துப் போட்டுடுங்க."

பயிற்சியாளர் இரண்டு வரிகளையும் கூட்டி, இரண்டால் வகுத்தார். பட்டினியும் இல்லை, பெருந்தீனியும் இல்லை. இருவருக்கும் போதுமான சாப்பாடு.

புள்ளிக்குப் பின்னால் என்ன எண் வந்தது என்று தசமம் பார்க்கவே இல்லை.