சீல் வைத்த மூடி

விடியும் முன்னே பெங்களூர் அடுகோடியில் எங்கள் பட்டறையில் பிளாஸ்டிக் உருகும் நாற்றம் தொண்டையைப் பிடிக்கும். அச்சு மூடும், திறக்கும், சுடச்சுட வாளியை இழுத்துப் போடுவோம். புதிதாக வந்த மெஷின் மட்டும் பெரிய துரை. வாளி ஒட்டிக்கொண்டதென்று அதன் கதவைத் திறந்தால் போதும், உள்ளே இருக்கிற சிப் முதலாளி சேஷகிரியின் போனுக்குக் கோள் சொல்லிவிடும். கூலியில் வெட்டு விழும். அதனால் கதவு சென்சாரில் ஒரு காந்தத்தை ஒட்டி, கதவு மூடியிருப்பதாக அதை நம்பவைத்துவிட்டுக் கையை விடுவோம். எல்லோரும்தான். நானும்தான்.

அன்று யசோதா விட்டாள். அச்சு மூடிக்கொண்டது.

ஐயோ, அந்த அலறல்! அச்சின் இடுக்கில் ரத்தம் சூட்டில் பொரிந்து வழிந்தது. திறக்கும் பட்டனை அடி அடியென்று அடித்தேன். மோட்டார் உறுமியதே தவிர அச்சு அசையவில்லை. திரையில் எழுத்து ஓடியது: முறைகேடு நடந்துள்ளது, கம்பெனி அனுமதி தேவை.

பழைய மெஷின் என்றால் எண்ணெய் வால்வை ஸ்குரூடிரைவரால் அழுத்தினால் அச்சு திறந்துவிடும். இதில் வால்வின் மேல் மெஷினைச் செய்த கம்பெனி சீல் வைத்த இரும்பு மூடி. பக்கத்து மெஷின் நாகேஷ் சம்மட்டியோடு ஓடிவந்தான். சேஷகிரி மறித்து நின்றார்.

"முட்ட பேடி! தொடாதீங்க! மூடியைப் பேத்தா சிப் தன்னையே அழிச்சுக்கும். அப்புறம் இது வெறும் இரும்பு. இன்ஜினியர் ஓடிபி அனுப்புவான், இருங்க."

"கை நசுங்குது சார்!"

"காந்தம் வச்சது யாரு? உங்க திருட்டுத்தனம்தானே?"

"வச்சது நாங்க. வைக்க வச்சது நீ!" எனக்கு மரியாதையெல்லாம் போய்விட்டது. "நீ வாங்கின மெஷின் உன் பேச்சையே கேக்கல. த்தூ, நீயெல்லாம் ஒரு ஓனர்!"

பிடித்துத் தள்ளினார். தலை தூணில் மோதியது. அவ்வளவுதான், நாலு பெண்கள் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்துத் தரையில் சாய்த்தோம். நாகேஷ் வெறிபிடித்து மூடியை அடித்தான். மூடி பிய்ந்தது, திரை இருண்டது. மோட்டார் ஓய்வதற்குள் வால்வை அழுத்திவிட்டான். யசோதாவின் கை வந்தது. இரண்டு விரல்கள் அச்சிலேயே ஒட்டிக்கொண்டன.

அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினால், சேஷகிரி உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "போலீசுக்குச் சொல்லியாச்சு. மத்த மெஷினை ஓட்டுங்க, இல்ல எல்லாரும் வெளியே" என்றார்.

அவரவர் மெஷினை அவரவரே நிறுத்தினோம்.

"மெஷினைத் திறக்கிற சாவி எங்க கையில இருக்கணும். யசோதா கைக்கு நீ பதில் சொல்லணும். அதுவரைக்கும் ஒரு வாளி இறங்காது" என்றேன்.

கேட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தோம். பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். தெருமுனையில் போலீஸ் ஜீப் திரும்பியது. அப்போது பக்கத்துப் பட்டறை டோரீன், தின்று முடிக்காத இட்லிப் பொட்டலத்தோடு வந்தாள். அவள் பின்னால் அவளுடைய ஷிஃப்ட் மொத்தமும்.

"தள்ளி உக்காரு விஜி" என்றாள். "எங்க மெஷின்லயும் அந்த மூடிதான் இருக்கு."