ஒருத்தர் போதும்

கல்வராயன் மலைப் பக்கமிருந்து இறங்கிய மழை, திரௌபதி அம்மன் கோயில் நெருப்புக்குழியை அவித்துவிட்டுப் போனது. காப்பு கட்டி, தீ மிதிக்க ஈரத்துணியோடு வந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"விரதத்துல குத்தம்," என்றார் பூசாரி. "எல்லாரும் சுத்தமா இருந்திருந்தா இப்டி ஆவாது."

நாட்டாமை சக்கரவர்த்தி எகிறினார். "இன்னாய்யா, அப்போ ஒருத்தருமே சுத்தமில்லன்றியா? நான் செருப்பு கூடப் போடல!"

"அப்டி எங்கங்க சொன்னேன்? எல்லாரும் சுத்தமா இல்லன்னா, யாரோ ஒருத்தராவது தப்பு பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். ஒருத்தர் போதும், நெருப்பு அவிய. அவங்க காப்ப அறுத்துட்டா மறுபடி மூட்டலாம்."

ஒவ்வொருவராகக் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தார்கள். வெற்றிசெல்வன்தான் சத்தமாக அடித்தான். அவன் தங்கை மீனா, வைகாசியில் பகலவனுக்குக் கழுத்தை நீட்ட இருந்தவள், தலையைக் குனிந்துகொண்டாள். முந்தாநாள் உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டுக் கடையில் அண்ணன் பிரியாணி தின்றதை அவள் பார்த்திருந்தாள். அம்மா ஆயம்மாளிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"பொய் சத்தியம் பண்ணது யாரு? தெரிஞ்சவங்க சொல்லுங்க," என்றார் பூசாரி.

மீனா வாயைத் திறந்தாள். ஆயம்மாள் அவள் கையைப் பிடித்து நசுக்கினாள்.

"மூடு. நாளைக்கு அண்ணனப் பாக்கத் தியாகதுருகத்துலேர்ந்து பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க."

"ஒருத்தரச் சொல்லாம இவங்க வுட மாட்டாங்கம்மா."

"தெரியும்," என்றவள் குரலை உயர்த்தினாள். "எம் பொண்ணுதாங்க. கறி தின்னுச்சு. நானே பாத்தேன்."

"அம்மா! நான் இல்லங்க, அண்ணந்தான்..."

"பாரேன், கூடப் பொறந்தவன் மேலயே பழி போடுது!" என்றாள் ஆயம்மாள்.

பகலவன் முன்னால் வந்தான். "வேற யாருமே தப்பு பண்ணலன்னு இன்னா நிச்சயம்? எல்லாரையும் விசாரிங்க."

"எதுக்குடா?" என்றான் வெற்றிசெல்வன். "ஒருத்தர் போதும்னு பூசாரியே சொல்லிட்டாரு."

"நீ இந்தாண்ட வாடா," என்று பகலவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள் அவன் அம்மா அமிர்தம். "அம்மனுக்கே துரோகம் பண்ணவ நம்ம வூட்டுக்கு வேணாம்."

மீனாவின் கையில் கட்டியிருந்த காப்பை அறுத்தார்கள். நெருப்பு மூண்டது. வெற்றிசெல்வன் முதல் ஆளாக ஓடி இறங்கினான். ஒருவர் காலிலும் கொப்புளம் இல்லை.

"பாத்தீங்களா!" என்றார் பூசாரி. "இப்போ எல்லாரும் சுத்தம்."

"இன்னா பாத்துக்கினு நிக்கிற?" என்றாள் ஆயம்மாள். "அண்ணன் காலுக்கு மஞ்சத்தண்ணி ஊத்து."

மீனா சொம்போடு குனிந்தாள். வெற்றிசெல்வன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"இவ கையால வேணாம்மா. விரதம் கெட்டவ."