சொசைட்டிக் குடோனில் பாம்பு

நட்டு இருபத்தைந்து நாளாகியும் தங்கப்பொண்ணின் வயலில் ஒரு பிடி யூரியா விழவில்லை. பயிர் மஞ்சள்காமாலை கண்டதுபோல் நின்றது. பத்து நாளாகச் சொசைட்டி வரிசையில் அவளும் நிற்கிறாள். ஜன்னலுக்கு உள்ளிருந்து செயலாளர் முத்திருளன் தினமும் ஒரே பாட்டுத்தான் பாடினார்: "லோடு வரல. குடோன் காலி."

சொசைட்டித் தலைவரின் வயல் மட்டும் எப்படிக் கரும்பச்சையாக நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

பதினோராம் நாள் தங்கப்பொண்ணு ஜன்னலில் முகத்தை வைத்தாள்.

"அண்ணே, குடோன் காலிதானே?"

"தொடச்சு விட்ட மாதிரி கெடக்கு."

"நல்லதாப் போச்சு. நாளைக்கு மகளுக்குக் கல்யாணம். மாப்ள வீட்டுச் சனம் தங்கணும், சாவியக் குடுங்க."

மகள் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தாள். பின்னால் நின்ற சீனியம்மாள் சிரிப்பை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டு, "அம்புட்டுச் சனமும் மழையில எங்கண்ணே போகும்?" என்றாள்.

முத்திருளன் ரிஜிஸ்தரைப் பட்டென்று மூடினார். "அதெல்லாம் முடியாதும்மா. உள்ள... நல்லபாம்பு அடையுது."

"அடியாத்தி!" என்றாள் தங்கப்பொண்ணு. அதோடு போய்விட்டாள்.

மறுநாள் காலை அலங்காநல்லூர் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கியபோது கூடவே பாம்புபிடிக்கிற கண்ணுச்சாமி, கையில் கூடை. வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் கூடிவிட்டது. சாவி தன்னிடம் இல்லை, தலைவரிடம் இருக்கிறது என்று முத்திருளன் கையை விரித்தார்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் வீட்டு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் சோணைமுத்து ஒன்றும் அறியாதவர். மடியிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்துகொண்டே, "வழி விடுங்கப்பா, முப்பது மூட்டை ஏத்தணும்" என்றார்.

கண்ணுச்சாமி உள்ளே எட்டிப்பார்த்தார். "பாம்பக் காணோம். கூரை முட்ட யூரியாதான் கெடக்கு."

அப்புறம் ஊர் போட்ட சத்தத்தில் முத்திருளன் ரிஜிஸ்தரை விரித்தார். ஆளுக்கு ஒரு மூட்டை, வரிசைப்படி.

பாம்பாட்டியைக் கூட்டிவரப் போனதில் தங்கப்பொண்ணின் இடம் கடைசிக்குப் போயிருந்தது. சீனியம்மாள் முன்னால் வரச்சொல்லிக் கூப்பிட்டாள். "வரிசைன்னா வரிசதான் மதினி" என்று இவள் நகரவில்லை. தங்கப்பொண்ணுக்குப் பின்னால் சோணைமுத்து மட்டும், தலைவருக்காக, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

இவளுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. அதோடு சரக்கு தீர்ந்தது.

முப்பது மூட்டைக்கு வந்த வண்டியில் ஒற்றை மூட்டையைப் போட்டுவிட்டு அவர் மாட்டை அதட்டினார். தங்கப்பொண்ணு குறுக்கே போய் நின்றாள்.

"அண்ணே, எடம் எம்புட்டுக் கெடக்கு! எங்க வயலும் அந்தப் பக்கந்தான், இதையும் ஏத்திக்கங்க."

மூட்டை ஏறியது. அதன்மேல் அவளும் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.